முதல் கிரெடிட் கார்டு: அறுவடைக்குக் காத்திருக்காத கடன்

உரக்கடையில் பாக்கி, மளிகைக்கடையில் நோட்டு, கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன், பேங்கில் நகைக்கடன். காவிரிப் பாசனத்தில் வளர்ந்த பிள்ளைக்குக் கடன் என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் அதே பிள்ளை தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ திருவாரூரிலோ கல்லூரியில் சேர்ந்து, பதினெட்டு முடிந்த கையோடு ஒரு கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்தால், ‘உங்களுக்குக் கடன் வரலாறு இல்லை’ என்று பதில் வருகிறது. தலைமுறை தலைமுறையாகக் கடன் வாங்கி, அறுப்பு முடிந்ததும் திருப்பிக் கட்டிய குடும்பத்துக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

காரணம் எளிது. உரக்கடைக்காரரின் நோட்டில் உங்கள் அப்பாவுக்கு எவ்வளவு நல்ல பெயர் இருந்தாலும், அது அந்தக் கல்லாப்பெட்டியைத் தாண்டி வெளியே போகாது. வங்கி திறந்து பார்ப்பது வேறு நோட்டு. அதில் உங்கள் பெயருக்கு இன்னும் பக்கம் போடவில்லை, அவ்வளவுதான்.

அந்த நோட்டை இந்தியாவில் நான்கு நிறுவனங்கள் வைத்திருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க். 2000-இல் தொடங்கப்பட்ட சிபில்தான் இவற்றில் நமக்குப் பழக்கமான பெயர். கடன் தகவல் நிறுவனங்களுக்கென்று 2005-இல் தனிச் சட்டமே வந்தது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தோம், தேதிக்குக் கட்டினாரா, எத்தனை நாள் தள்ளிக் கட்டினார் என்பதையெல்லாம் இந்த நான்கு இடங்களுக்கும் அனுப்பியாக வேண்டும். முன்பு மாதம் ஒருமுறை அனுப்பினால் போதும் என்றிருந்தது. 2025 தொடக்கத்தில் அதைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்று ஆக்கினார்கள். இந்தத் தகவல்களைப் பிழிந்து எடுக்கிற எண்தான் ஸ்கோர். 300-இல் தொடங்கி 900 வரை போகும்.

கடனே வாங்காதவருக்கு 300 போடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘என்.எச்.’ என்றோ ‘மைனஸ் ஒன்று’ என்றோ இருக்கும். கணக்குப் போட ஒன்றும் இல்லை என்று அர்த்தம். கெட்ட பெயர் வேறு, பெயரே இல்லாதது வேறு. முதன்முறையாகக் கடன் கேட்பவரை, வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியும் 2025 ஜனவரியில் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு மேனேஜரிடம் சண்டை போட முடியாது. வருமானம் இல்லை என்று சொல்லி மறுக்க அவருக்கு உரிமை உண்டு.

உங்கள் பக்கம் உண்மையிலேயே காலியா?

விண்ணப்பிக்கும் முன்னால் இதைப் பார்த்துவிடுவது நல்லது. ஏனென்றால் காலி என்று நினைத்திருக்கிற பலருடைய பக்கத்தில் ஏற்கெனவே ஏதாவது எழுதியிருக்கும்.

முதலில் கல்விக்கடன். இன்ஜினீயரிங், நர்சிங், அக்ரி என்று எதற்கு வாங்கியிருந்தாலும் அது உங்கள் பெயரில்தான் இருக்கும். கூடக் கையெழுத்துப் போட்ட அப்பாவோ அம்மாவோ இணைக் கடன்தாரர். படிக்கும் காலத்திலும் அதற்குப் பிறகு கொடுக்கப்படும் சலுகைக் காலத்திலும் தவணை கேட்க மாட்டார்கள். ஆனால் கணக்கு மட்டும் உங்கள் கடன் அறிக்கையில், அதாவது மேலே சொன்ன நோட்டில் உங்கள் பக்கத்தில், உயிரோடு இருக்கும். படிப்பு முடிந்து வேலை தேடுகிற நேரத்தில் முதல் தவணைத் தேதி வந்து, கடிதம் கிராமத்து முகவரிக்குப் போய், யாரும் பிரிக்காமல் அலமாரியில் கிடப்பது டெல்டாவில் சாதாரணமாக நடக்கிற விஷயம். அந்தத் தாமதம் அப்பா, பிள்ளை இருவர் பெயரிலும் ஏறும்.

அடுத்தது செல்போன் இஎம்ஐ. ஷோரூமில் ஆதார், பான் வாங்கிக்கொண்டு பத்து நிமிடத்தில் போனைக் கையில் கொடுத்தார்களே, அது முறையான கடன். ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ வகை ஆப்களில் முந்நூறு ரூபாய்க்கு பிரியாணி சாப்பிட்டதும் பல சமயம் கடனாகத்தான் பதிவாகும். அப்புறம், மாமாவோ சித்தப்பாவோ டிராக்டர் லோனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டு நீங்கள் போட்டிருந்தால் அதுவும் உங்கள் அறிக்கையில் வரும். அவர் கட்டாவிட்டால் அடி உங்களுக்கும் விழும்.

மாறாக, நீங்கள் கையெழுத்துப் போடாத எந்தக் கடனும் உங்கள் கணக்கில் சேராது. அம்மாவின் மகளிர் குழுக் கடனில் இரண்டு தவணை தவறியது, அப்பாவின் நகைக்கடன் ஏலத்துக்குப் போனது, இதெல்லாம் அவர்கள் அறிக்கையோடு முடிந்துவிடும். ‘எங்க வீட்டுல கடன் பாக்கி இருக்கு, எனக்கு எப்படிக் கொடுப்பாங்க?’ என்று விண்ணப்பிக்காமலே இருக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். ஸ்கோர் ஆளுக்கு ஆள் தனி.

மேலே சொன்ன நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். அவர்களுடைய சொந்தத் தளத்திலேயே பான் எண், செல்போன் எண் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். நீங்களே உங்கள் அறிக்கையைப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. குறைக்கக்கூடியது, நீங்கள் விண்ணப்பித்த பிறகு வங்கி பார்ப்பது.

இனிஷியல் தகராறு

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே உள்ள ஒரு சிக்கல் இது. பள்ளிச் சான்றிதழில் பெயரும் ஒற்றை எழுத்து இனிஷியலும் இருக்கும். ஆதாரில் இனிஷியல் பெயருக்கு முன்னால் வந்திருக்கும், அல்லது பின்னால் போயிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. பான் கார்டிலோ இனிஷியலை விரித்து அப்பா பெயரையே குடும்பப் பெயராக அச்சடித்திருப்பார்கள். சேமிப்புக் கணக்கில் இதில் எதுவோ ஒன்று. நமக்கு எல்லாம் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள்.

விளைவு, ஆன்லைனில் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது ‘விவரம் பொருந்தவில்லை’ என்று பாதியில் நின்றுவிடும். அதைவிட மோசம், ஒரே பெயரும் ஒரே பிறந்த தேதியும் உள்ள வேறு யாருடைய கடனோ உங்கள் அறிக்கையில் வந்து உட்கார்ந்திருக்கும். நம் பக்கத்தில் பெயர்கள் திரும்பத் திரும்ப வருபவை என்பதால் இது நடக்காத கதை அல்ல. அப்படி இருந்தால் அந்த நிறுவனத்தின் தளத்திலேயே புகார் பதிவு செய்யலாம், கட்டணம் இல்லை. ஆனால் முதல் வேலை ஆதாரையும் பானையும் ஒரே மாதிரி ஆக்குவது. இ-சேவை மையத்தில் ஒருநாள் வரிசையில் நின்றால் ஆதார் பக்கத்து வேலையாவது முடியும்.

செல்போன் எண்ணையும் பார்த்துவிடுங்கள். கல்லூரி உதவித்தொகைக்காக அவசரமாகத் திறந்த கணக்கில் பல பேருக்கு அப்பாவின் எண்தான் இருக்கிறது. ஓடிபி வயலில் நிற்கிற அப்பாவுக்குப் போகும், விண்ணப்பம் உங்கள் கையில் காலாவதியாகும். கார்டு கூரியரில் எந்த முகவரிக்கு வரும் என்பதும் முக்கியம். ஆதாரில் நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம், நீங்கள் இருப்பது வல்லம் ஹாஸ்டல் என்றால், வார்டன் அறையில் யாரோ கையெழுத்துப் போட்டு வாங்குவதைவிட வீட்டு முகவரிக்கே வரவிட்டு, விடுமுறையில் போய் எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

டெபாசிட் போட்டு வாங்குகிற கார்டு

வழக்கமான கார்டுக்கு வங்கி கேட்பது சம்பள ரசீது அல்லது வருமான வரிக் கணக்கு. மாணவரிடம் இரண்டும் இருக்காது. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் வருகிற ஆயிரம் ரூபாயை வங்கி வருமானமாக எடுத்துக்கொள்ளாது. பகுதி நேரமாக டியூஷன் எடுத்துக் கையில் வாங்குகிற பணமும் அப்படித்தான்.

ஆகவே எனக்குத் தெரிந்து மாணவருக்கு உருப்படியான வழி ஒன்றுதான்: உங்கள் பெயரில் ஒரு ஃபிக்சட் டெபாசிட் போட்டு, அதை ஈடாக வைத்து கார்டு வாங்குவது. அரசு வங்கி, தனியார் வங்கி இரண்டிலும் இந்த வகை இருக்கிறது. எவ்வளவு போட வேண்டும் என்பது வங்கிக்கு வங்கி மாறும். பத்தாயிரம், இருபதாயிரம், இருபத்தைந்தாயிரம் என்கிற அளவில் கேட்பார்கள். கார்டின் வரம்பு பெரும்பாலும் டெபாசிட்டில் முக்கால் பங்குக்குக் குறையாது, சில இடங்களில் முழுத் தொகையும் கிடைக்கும். டெபாசிட்டுக்கு வட்டி வழக்கம்போல் ஏறிக்கொண்டிருக்கும். கார்டு இருக்கும்வரை அதை உடைக்க முடியாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு.

அப்பா பெயரில் ஏற்கெனவே டெபாசிட் இருக்கிறதே என்றால், அதை வைத்து அப்பாவுக்குத்தான் கார்டு வரும். உங்கள் பக்கத்தில் எழுத்து விழ வேண்டுமானால் டெபாசிட்டும் கார்டும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். மேலே சொன்ன திட்டங்களில் மாதம் வருகிற ஆயிரத்தைச் செலவழிக்காமல் அப்படியே ரெக்கரிங் டெபாசிட்டில் போட்டு வந்தால் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் இருபதாயிரம் சேர்ந்துவிடும். ஹாஸ்டல் செலவுக்கே அந்த ஆயிரம்தான் என்றால் இது பொருந்தாது. அப்படிப்பட்டவர்கள் வேலைக்குப் போன பிறகு கார்டு வாங்கினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

எந்த வங்கி என்று கேட்டால், உங்களுக்கு ஏற்கெனவே சேமிப்புக் கணக்கு இருக்கிற கிளையில் முதலில் கேளுங்கள் என்பேன். 1904-லேயே வங்கி தொடங்கிய ஊர் கும்பகோணம். அன்றைய கும்பகோணம் பேங்க்தான் இன்றைய சிட்டி யூனியன் பேங்க். கார்டு விஷயத்தில் ஊர்ப்பெருமை பார்க்கத் தேவையில்லை. ஆண்டுக் கட்டணம் இல்லாததாக, செயலியில் பில் தெளிவாகத் தெரிவதாக, நடந்து போய்க் கேட்கிற தூரத்தில் கிளை இருப்பதாகப் பார்த்தால் போதும்.

இன்னொரு வழியும் சொல்வார்கள், அப்பாவின் கார்டில் உங்களுக்கு ஒரு ஆட்-ஆன் கார்டு. தேய்க்கப் பழகலாம். ஆனால் பில்லும் பொறுப்பும் முழுக்க அப்பாவுடையது, வரம்பும் இருவருக்கும் சேர்த்து ஒன்றே. உங்கள் வரலாற்றை அதை நம்பி விடாதீர்கள்.

கல்லூரி வாசலில் குடை விரித்து, பையோ தண்ணீர் பாட்டிலோ பரிசாகக் கொடுத்து ஆள் சேர்க்கிறவர்களிடம் ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. ‘சும்மா அப்ளை பண்ணி வைங்க, வந்தா வரட்டும்’ என்பார்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் அறிக்கையில் ஒரு விசாரணையாகப் பதியும். ஒரே வாரத்தில் நான்கு வங்கி விசாரித்திருந்தால், ஐந்தாவது வங்கி ‘இந்தப் பிள்ளைக்கு என்ன அவசரம்?’ என்றுதான் பார்க்கும்.

இரண்டு தேதிகள்

கார்டு வந்த பிறகு தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டே தேதி. பில் போடும் தேதி, கட்ட வேண்டிய கடைசித் தேதி.

உங்கள் பில் தேதி ஒவ்வொரு மாதமும் 18 என்று வைத்துக்கொள்வோம். கட்ட இருபது நாள் அவகாசம். ஜூன் 19-ஆம் தேதி ஒரு பொருள் வாங்கினால் அது ஜூலை 18-ஆம் தேதி பில்லில் வரும், ஆகஸ்ட் 7-க்குள் கட்டினால் போதும். நாற்பத்தொன்பது நாள் வட்டியில்லாமல் கிடைக்கிறது. அதே பொருளை ஜூலை 17 அன்று வாங்கினாலும் அதே பில், அதே ஆகஸ்ட் 7. இப்போது கிடைப்பது இருபத்தொரு நாள். ‘ஐம்பது நாள் வட்டியில்லை’ என்று விளம்பரத்தில் போடுவது இந்த முதல் வகையை மட்டும்.

முழுப் பில்லையும் தேதிக்குள் கட்டினால் வட்டி ஒரு பைசா கிடையாது. இந்த ஒரு நிபந்தனையில்தான் கிரெடிட் கார்டின் நல்லது கெட்டது எல்லாமே நிற்கிறது. அதனால் கட்டாமல் போனால் என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

லேப்டாப் பழுதாகிவிட்டது. ஜூன் 25 அன்று சர்வீஸ் கடையில் ₹8,000 கார்டில் கொடுத்தீர்கள். ஜூலை 18 பில்லில் இரண்டு தொகை இருக்கும். மொத்தம் ₹8,000. அதற்குப் பக்கத்திலேயே ‘குறைந்தபட்சம் கட்ட வேண்டியது’ ₹400, அதாவது ஐந்து சதவீதம். கையில் பணம் இல்லை. நானூறு கட்டினால் போதுமாமே என்று ஆகஸ்ட் 7 அன்று நானூறைக் கட்டிவிட்டீர்கள். தாமதக் கட்டணம் இல்லை, ஸ்கோரிலும் தவணை தவறியதாக வராது. நல்லதுதானே?

ஆகஸ்ட் 18 பில் வருகிறது. வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 42 சதவீதம். அந்த வட்டி கடைசித் தேதியிலிருந்து தொடங்காது. நீங்கள் கடையில் கார்டைத் தேய்த்த ஜூன் 25-லிருந்தே தொடங்கும். எட்டாயிரத்துக்கு ஜூன் 25 முதல் ஆகஸ்ட் 7 வரை நாற்பத்து மூன்று நாள், சுமார் ₹396. மீதி ₹7,600-க்கு ஆகஸ்ட் 18 வரை பதினொரு நாள், சுமார் ₹96. ஆக ₹492. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு, கிட்டத்தட்ட ₹88. சேர்த்தால் ₹580. நானூறு கட்டினீர்கள், ஐந்நூற்று எண்பது ஏறியிருக்கிறது. பாக்கி இப்போது ₹8,180.

இதோடு நிற்பதில்லை. பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. ஆகஸ்ட்டில் கார்டில் போட்ட நூறு ரூபாய் பெட்ரோலுக்கும் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும். அடுத்த மாதம் கேட்கிற குறைந்தபட்சத் தொகையும் நானூறாக இருக்காது. ஏறிய வட்டி, வரி முழுவதையும் அதில் சேர்ப்பதுதான் பெரும்பாலான வங்கிகளின் வழக்கம் என்பதால் தொள்ளாயிரத்தைத் தாண்டிவிடும். நுணுக்கங்கள் வங்கிக்கு வங்கி மாறும். போகிற திசை மாறாது.

குறைந்தபட்சத் தொகை என்பதை, ஆஸ்பத்திரியில் படுத்துவிட்ட மாதிரியான மாதத்தில் பெயர் கெடாமல் காப்பாற்றிக்கொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

‘அறுப்பு முடிஞ்சு கட்டிக்கலாம்’

டெல்டாப் பிள்ளைகள் கார்டில் சிக்குவது பெரும்பாலும் ஊதாரித்தனத்தால் இல்லை, பணம் வரும் காலத்தால் என்பது என் கணிப்பு. சம்பளக்காரர் வீட்டில் மாதம் முதல் தேதி பணம் வரும். கார்டு பில்லும் மாதாமாதம் வரும். இரண்டும் ஒத்துப்போகும். நம் வீடுகளில் அப்படியா? மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால் குறுவை. அதன் பணம் செப்டம்பர், அக்டோபருக்கு முன்னால் வராது. சம்பா என்றால் தை, மாசியில் அறுத்து, கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்துக் கிடந்து, ஈரப்பதம் பார்த்து, எடை போட்டு, அப்புறம்தான் வங்கிக் கணக்கில் விழும். அந்தக் காலத்துக்கு ஏற்றபடி உரக்கடைக்காரர் காத்திருப்பார், மளிகைக்கடைக்காரரும் காத்திருப்பார். கார்டு காத்திருக்காது.

கல்லூரிக் கட்டணம் கேட்பதோ ஜூன், ஜூலையில். நடவுச் செலவு கையைக் கடிக்கிற அதே நேரம். வீட்டில் யாரிடமாவது வரம்பு அதிகமுள்ள கார்டு இருந்தால் ‘இப்ப இதுல கட்டிடு, அறுப்பு முடிஞ்சு அடைச்சுக்கலாம்’ என்று தோன்றும். முப்பதாயிரம் ரூபாய், ஆறு மாதம் என்று வைத்துப் பாருங்கள். அதே 42 சதவீதக் கணக்கில் வட்டி ₹6,300, ஜிஎஸ்டி ₹1,134. வட்டி மேல் வட்டியைச் சேர்க்காமலே ஏழாயிரத்து நானூறுக்கு மேல். அதே தொகையை பேங்க் நகைக்கடனில் வாங்கினால், ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்று வைத்தாலும் ஆறு மாதத்துக்கு ₹1,500. தோட்டைக் கொண்டுபோய் வைக்க அம்மாவுக்கு மனசு வராமல் இருக்கலாம். ஆனால் கணக்கு இதுதான். அதற்கும் முன்னால், கட்டணத்தைத் தவணையாகக் கட்ட முடியுமா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

அதனால் மாணவராக இருக்கும்வரை ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம். சேமிப்புக் கணக்கில் ஏற்கெனவே இருக்கிற பணத்துக்கு மட்டும் கார்டைத் தேயுங்கள். இனிமேல் வரப்போகிற பணத்துக்கு வேண்டாம். செல்போன் ரீசார்ஜ், பஸ் பயணத்துக்கு ஆன்லைன் டிக்கெட், புத்தகம் என்று மாதம் ஒன்றிரண்டு செலவு போதும். ஸ்கோர் ஏறுவதற்குப் பெரிய செலவு தேவையில்லை. தேதிக்கு முழுசாகக் கட்டுவதுதான் அதில் பெரிய பங்கு வகிக்கிறது. வரம்பில் எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்பது அடுத்தது. பதினைந்தாயிரம் வரம்பு என்றால் நாலாயிரம், நாலாயிரத்து ஐந்நூறுக்குள் நிறுத்துவது நல்லது. மாதாமாதம் முழு வரம்பையும் தொட்டுத் திரும்பினால், தேதிக்குக் கட்டினாலும் கைக்கு மீறிச் செலவு செய்கிற ஆளாகத்தான் தெரிவீர்கள்.

செயலியில் ‘ஆட்டோ டெபிட்’ போடும்போது முழுத் தொகையா, குறைந்தபட்சமா என்று ஒரு கேள்வி வரும். கவனிக்காமல் இரண்டாவதைத் தட்டிவிட்டு, மாதாமாதம் தானாகக் கட்டிவிடுகிறது என்ற நிம்மதியில் வட்டி கட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. முழுத் தொகையைத் தேர்ந்தெடுங்கள்.

தேதி தவறிவிட்டால்? கடைசித் தேதியைத் தாண்டி மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் தாமதக் கட்டணம் போடலாம், சிபிலுக்குத் தவறியதாக அனுப்பலாம் என்பது 2022-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. ஆகவே ஏழாம் தேதி மறந்து எட்டாம் தேதி ஞாபகம் வந்தால் உடனே கட்டிவிடுங்கள். டெபாசிட்தான் இருக்கிறதே, வங்கி அதிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள். எடுத்துக்கொள்ளும், ஆனால் அதற்குள் உங்கள் பக்கத்தில் தாமதங்கள் வரிசையாக ஏறியிருக்கும். எதற்காக இந்த கார்டை வாங்கினோமோ அதுவே கெட்டுவிடும்.

டீக்கடை க்யூஆரில் ஏன் வேலை செய்யவில்லை?

ரூபே கிரெடிட் கார்டாக இருந்தால் யூபிஐ செயலியில் இணைத்து, க்யூஆரை ஸ்கேன் செய்தே கட்டலாம். 2022-இலிருந்து இந்த வசதி இருக்கிறது. விசா, மாஸ்டர்கார்டு இப்படி இணையாது. நம் ஊரில் ஸ்வைப் மெஷின் உள்ள கடையைவிட க்யூஆர் ஒட்டிய கடைதான் அதிகம் என்பதால் மாணவருக்கு ரூபே கார்டே தோது. ஆனால் இது வியாபாரிக் கணக்குக்கு மட்டும்தான் போகும். டீக்கடை அண்ணன் தன் சொந்த எண்ணின் க்யூஆரைப் பிரிண்ட் போட்டு ஒட்டியிருந்தால் போகாது. நண்பனுக்கு அனுப்பவும் முடியாது. கார்டில் பழுது இல்லை, விதியே அப்படி.

ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைச் செருகிப் பணம் எடுக்கவே எடுக்காதீர்கள். எடுத்த நாளிலிருந்தே வட்டி, அதற்கு மேல் தனிக் கட்டணம்.

‘உங்கள் லிமிட்டை ஏற்றித் தருகிறோம்’ என்று போன் வந்தாலோ, வங்கி பெயரில் வாட்ஸ்அப்பில் ஏதாவது ஆப்பை இறக்கச் சொன்னாலோ வெட்டிவிடுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் முதலில் வங்கிக்குச் சொல்லி கார்டை முடக்கிவிட்டு, 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

படிப்பு முடிந்த பிறகு

கார்டு வந்து சில மாதங்களில் ஸ்கோர் என்று ஓர் எண் முளைக்கும். ஆரம்பத்தில் அது ஏறி இறங்கினால் பயப்பட வேண்டாம். எழுதியிருப்பதே நாலு வரி என்பதால் ஒவ்வொரு வரிக்கும் கனம் அதிகம்.

சென்னையிலோ பெங்களூரிலோ கோயம்புத்தூரிலோ வேலை கிடைத்ததும் சம்பளக் கணக்கு வங்கியே சாதாரண கார்டு கொடுக்க முன்வரும். அப்போது பழையதை உடனே தூக்கி எறிய வேண்டாம். வயதான கணக்கு அறிக்கையில் இருப்பது உங்களுக்கு நல்லது. ஆண்டுக் கட்டணம் இல்லை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும், எப்போதாவது ஒரு ரீசார்ஜ் போடுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் தொடாமல் கிடந்தால், உங்களுக்குத் தகவல் சொல்லிவிட்டு வங்கியே மூடும் வேலையைத் தொடங்கலாம். ஊர் மாறும்போது முகவரியையும் எண்ணையும் வங்கியில் மாற்றிவிடுங்கள், கல்விக்கடன் கிளையிலும் சேர்த்து.

டெபாசிட் பணம் தேவைப்படுகிறது, கார்டை மூடத்தான் வேண்டும் என்றால் முதலில் பாக்கியைச் சுத்தமாக அடையுங்கள். பிறகு செயலியிலோ மின்னஞ்சலிலோ மூடச் சொல்லி எழுதுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாள் ஒன்றுக்கு ₹500 உங்களுக்குத் தர வேண்டும் என்பதும் அதே 2022 விதியில் இருக்கிறது. புகார் கொடுத்து முப்பது நாள் ஆகியும் வங்கி அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம், செலவு கிடையாது. விவரம் கேட்க 14448. மூடியதும் ‘நிலுவை இல்லை’ என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஒன்றிரண்டு மாதம் கழித்து அறிக்கையை எடுத்து, அந்தக் கணக்குக்கு நேரே ‘மூடப்பட்டது’ என்று வந்திருக்கிறதா என்று பாருங்கள்.